கத்திரி வெயிலும் லேசர் பட்ட முகமும்

லேசர் மெஷினைப் பற்றி, புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எந்தத் தோலுக்கு எவ்வளவு சூடு, எத்தனை வாரம் இடைவெளி என்பதையெல்லாம் நீங்கள் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் நர்ஸாகச் சேர்ந்து, தோல் டாக்டருக்கு உதவியாக நின்று, கடைசியில் முடி எடுக்கும் லேசரைக் கையில் பிடித்தவள். நாங்கள் முதலில் வைத்திருந்த மெஷினைப் பார்த்தால் கிரைண்டர் என்று நினைத்து அரிசியைக் கொட்டிவிடுவீர்கள். ஆகவே மெஷின் பேச்சு வேண்டாம், வெயிலைப் பற்றிப் பேசுகிறேன்.

உடனே உங்களில் ஒருத்தி கொட்டாவி விடுவாள், தெரியும். 'வெயிலில் கறுத்த தோலில் லேசர் வைக்காதே, வைத்த பிறகு வெயிலில் போகவிடாதே, சன்ஸ்கிரீன் போடச் சொல், இதைத்தானே சொல்லப் போகிறீர்கள்?' என்பாள். அதைச் சொல்ல நான் எதற்கு? சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரே சொல்லுமே. அந்தப் போஸ்டரைப் படித்து, புரிந்து, தலையாட்டிவிட்டுப் போன ஒரு பெண்ணுக்குக் கண் போகப் பார்த்தது. உத்திரமேரூரில் நான் வேலை பார்த்த கிளினிக்கில்தான்.

முதலில் சிரிக்கிற கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் சிரிக்க இடம் இருக்காது. ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். முதுகு முழுக்க முடி, வெயில் காலத்தில் கசகசவென்று இருக்கிறது என்றார். லேசர் வைத்து அனுப்பும்போது, முதுகில் வெயில் படவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் முதுகெல்லாம் செக்கச்செவேலென்று வந்து நிற்கிறார்.

“இன்னாண்ணே, வெயில்ல போனியா?”

“சத்தியமா போவல சிஸ்டர். எரிச்சலா கீதேன்னு மத்தியானம் பூரா பம்புசெட்டு தொட்டியில குந்திக்கினு இருந்தேன்.”

“தொட்டிக்கு மேல கூரை கீதா?”

“தொட்டிக்கு எவனாவது கூரை போடுவானா?” என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் அந்த மனுஷன்.

தண்ணீருக்குள் இருந்தால் அது வெயில் கணக்கில் வராது என்பது அவர் எண்ணம். கற்றாழை தடவி, நான்கு நாள் குப்புறப் படுக்க வைத்து, சரியாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். அறியாமல் செய்கிறவர்களுக்கு விளக்கிச் சொன்னால் போதும் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் பெண். அவளைப் புவனா என்று வைத்துக்கொள்வோம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பொழுது விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். உள்ளே முழுக்க ஏசி, முகத்தில் மாஸ்க். மேலுதட்டிலும் தாடையிலும் முடி அவளுக்கு. சின்னதாகப் பூனைமுடி என்றால் பரவாயில்லை, கறுகறுவென்று ஆணுக்கு வருகிற மாதிரி. அதற்கு முந்தின வருஷம் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ ஒருத்தி வாசலில் செருப்பு மாட்டும்போது, 'பையனுக்குப் பொண்ணு தேடி வந்தா, பையனையே காட்டறாங்க' என்று சொல்லியிருக்கிறாள். அது இவள் காதில் விழுந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எங்கள் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றாமலேயே அழுதாள். எனக்கு அந்தப் பேச்சைப் பேசியவளைத் தேடிப் பிடித்து நாலு கேட்க வேண்டும் போல இருந்தது.

இப்போது தென்னேரியில் வேறு இடம் கூடி வந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம். வீட்டில் யாருக்கும் லேசர் விஷயம் தெரியாது, தெரியவும் கூடாது என்றாள். பெண்ணுக்கு மீசை முளைக்கிறது, லேசர் வைத்து எடுக்கிறார்கள் என்று தென்னேரிக்குத் தெரிந்தால் இந்தக் கல்யாணமும் நின்றுவிடும் என்பது அவள் பயம். காஞ்சிபுரத்திலிருந்து வரும் எங்கள் டாக்டரம்மா அவள் தோலைப் பார்த்தார், ஒரு ஓரத்தில் வைத்துச் சோதித்தும் பார்த்தார். வெயிலே படாத வேலை, குறைந்த சூட்டில் செய்யலாம் என்றார். தையில் தொடங்கினோம். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சித்திரையில் வந்தபோது நான் மறுபடியும் கேட்டேன்.

“வெயில்ல எங்கனா போறியா?”

“இல்லக்கா. கம்பெனி, வூடு. அவ்ளோதான்.”

பொய் இல்லை. அதுவரை போகவில்லை. வெயில் படக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, பார்லரில் நூல் போட்டு முடி எடுக்கக் கூடாது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நல்ல புத்திசாலிப் பெண், நான் பாதி சொல்லும்போதே மீதியை அவளே சொல்லி முடித்தாள்.

அதற்கப்புறம் சில நாள் கழித்து என் செல்போனுக்கு ஒரு போட்டோ வந்தது. நான் நாஷ்டா முடித்துவிட்டுக் கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். அது யார் முகம் என்றே முதலில் தெரியவில்லை. மேலுதடு, தாடை, இரண்டு பக்கக் கன்னத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் கொப்புளம். மேலே அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் அப்பி, காய்ந்து, வெடித்து, வெடிப்புக்குள் சீழ். ஒரு பக்கம் வீங்கி, கண்ணின் கீழ் இமை வரைக்கும் ஏறியிருந்தது. அனுப்பிய நம்பரைப் பார்த்தேன், புவனா. அட கடவுளே, நம் கை பட்ட முகமா இது? உடனே போன் போட்டேன்.

“இன்னாடி ஆச்சி?”

“பால்குடம் எடுத்தேன்கா.” குரல் கிசுகிசுவென்று வந்தது. “உங்ககிட்ட வந்துட்டுப் போன மறுநாளு. கல்யாணம் கூடி வந்தா எம்பொண்ணு பால்குடம் எடுப்பான்னு அம்மா வேண்டிக்கினு இருந்தாங்க. கோயில் வரைக்கும் வெறுங்காலோட, மூஞ்சி பூரா மஞ்ச பூசி, உச்சி வெயில்ல...”

“வெயில் ஆவாதுன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனேடி!”

“இன்னா சொல்லிட்டு வூட்ல குந்தறது? ஏன் எடுக்க மாட்டேன்ற, ஏன் மஞ்ச பூச மாட்டேன்றன்னு கேப்பாங்களே. சாமிக்கு இன்னா காரணம் சொல்றது?”

“செரி, இப்பவே கெளம்பி வா.”

“வர முடியாதுக்கா. எனக்கு அம்மா போட்டுக்கீதுன்னு உள்ள உக்கார வச்சிட்டாங்க.”

வெயில் காலம், பால்குடம் எடுத்த மறுநாள் முகத்தில் கொப்புளம். எங்கள் பக்கத்தில் அம்மை என்று கூடச் சொல்ல மாட்டோம், அம்மா வந்திருக்கிறாள் என்போம். வந்துவிட்டால் ஆஸ்பத்திரி கிடையாது, மருந்து கிடையாது. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு இல்லாத சாப்பாடு, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி அம்மாவை வழியனுப்புகிற வரைக்கும் அப்படியே கிடக்க வேண்டியதுதான். அம்மை வந்தவர்களுக்கே இது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். இது வெந்துபோன தோல்! அதன்மேல் தினம் வேப்பிலையை அரைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“வூட்ல உண்மைய சொல்லுடி.”

“சொன்னா கல்யாணம் நின்னுடும்கா. எதனா களிம்பு மட்டும் குடுத்தனுப்புங்க. சத்தியமா யாராண்டையும் சொல்லாதீங்க” என்றாள். யாரோ வருகிற சத்தம் கேட்டது, போனை வைத்துவிட்டாள். அப்புறம் எத்தனை முறை போட்டும் எடுக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு அந்தப் போட்டோவை அனுப்பினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். “ஜுரம் இருக்கா?” தெரியவில்லை என்றேன். “போய்ப் பாருங்க சிஸ்டர். ஜுரம் இருந்து, கண் பக்கம் வீக்கம் ஏறினா ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. எப்படியாவது தூக்கிட்டு வந்துடுங்க.”

எப்படியாவது என்று சொல்வது சுலபம். போகிற வழியெல்லாம் ஆட்டோவில் எனக்குள் ஒரே சண்டை. சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லைதான். ஆனாலும் நம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதவள் சொன்னதை அவள் வீட்டு வாசலில் நின்று நான் உடைக்கலாமா? உடைக்காமல் விட்டுக் கண் போனால்? படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை, உங்கள் புத்தகத்திலும் இருக்காது.

கிளினிக் நோட்டில் அவள் எழுதியிருந்த விலாசத்தைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன், ஏரிக்கரை ஓரத்து ஊர். கெட்டி வீடு, வாசல் நிலையில் வேப்பங்கொத்து, படியில் மஞ்சள் தண்ணீர். தெருப் பெண்கள் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, தூரத்தில் நின்று உள்ளே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி, 'தாயே, இத்த காப்பாத்து' என்கிறாள். நான் அதிர்ந்து போனேன். உள்ளே கிடப்பது ஒரு நோயாளி என்று அங்கே யாருக்குமே தோன்றவில்லை.

புவனாவின் தாய் படியிலேயே என்னை மறித்தார். மெலிந்த, குள்ளமான பெண்மணி, கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

“அம்மா உள்ள கீறா. வெளி மனுசங்க வரக் கூடாது.”

“எனக்கும் முன்ன அம்மா போட்டு எறங்கிக்கீது. ஒரே ஒரு தபா பார்த்துட்டுப் பூடறேன்” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தெருப் பெண்களைப் பார்த்தார். “இப்டி வாங்க” என்று வீட்டுக்குப் பக்கவாட்டில், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். முடி எடுக்கற கிளினிக்கு தானே?”

“உங்களுக்கு எப்டித் தெரியும்?” என்றேன்.

“அவ துணிய தொவைக்கிறவ நானு. காலர்ல எல்லாம் வெள்ளையா களிம்பு. பொங்கல்லேர்ந்து அவ நூல் போடப் போவல, ஆனா தாடை மொழமொழன்னு ஆயிக்கினே வருது. பெத்தவளுக்குத் தெரியாதா? ஒருநாளு பின்னாலயே வந்து உங்க போர்டையும் பார்த்துட்டுப் போனேன்.”

“அவளாண்ட கேக்கலியா?”

“இன்னான்னு கேக்கறது? மூஞ்சியில முடி மொளைக்குதேன்னு அந்தக் கொயந்த சின்னதுலேர்ந்து அயுதுக்கினு கீது. நானா அந்தப் பேச்ச எடுத்தா செத்துப் பூடுவா. தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.”

“தெரிஞ்சிமா பால்குடம் எடுக்க வச்சீங்க?”

“வெயில் ஆவாதுன்னு எனக்கு யாரு சொன்னா?” அந்தம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். “அவளும் சொல்லல, நீங்களும் சொல்லல. தெரிஞ்சிருந்தா நானே எடுத்திருப்பேனே அந்தக் கொடத்த!”

ஒரே வீட்டில் இரண்டு பேர். லேசர் வைப்பதை மகள் தாயிடம் மறைக்கிறாள். தெரியும் என்பதைத் தாய் மகளிடம் மறைக்கிறாள். நடுவில் வெயில் புகுந்து முகத்தைப் பொசுக்கிவிட்டது. யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

“செரி, இது அம்மா இல்ல, வெந்த காயம்னு தெரிஞ்சிமா வேப்பிலைய வச்சி அரைச்சித் தேய்க்கிறீங்க?” கோபத்தில் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“மெதுவா சொல்லுங்க. முடி எடுத்த எடத்துல மட்டும் கொப்புளம் வந்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சி. தீஞ்சி போச்சின்னு சொன்னா, எதனால தீஞ்சிதுன்னு கேப்பாங்க. அம்மா போட்டுக்கீதுன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான், கும்புட்டுட்டுப் பூடுவான். தென்னேரிக்கும் அப்டித்தான் சொல்லி வச்சிக்கீறேன். சம்மந்தியம்மா இன்னிக்கு வந்து பார்த்துட்டுப் போறேன்னு சொல்லிக்கீறாங்க. அவங்க வந்து கும்புட்டுட்டுப் போவட்டும். அப்பால நீங்க எங்க வேணாலும் இட்டுக்கினு போங்க.”

அடிப்பாவி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அறியாத ஜனம், விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்ளும் என்று நினைத்து வந்தவள் நான். இந்தம்மாவுக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரிந்துதான் மகளை உள்ளே சாத்தி வைத்திருந்தார், அவளுடைய கல்யாணத்துக்காக. அவர்மேல் கோபப்படுவதா, அவரைக் கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். வேப்பிலைமேல் மஞ்சள் சேலையை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. போட்டோவில் இமைக்குக் கீழே இருந்த வீக்கம் இப்போது இமையை மூடியிருந்தது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கிற தாயையும் பார்த்து, வேண்டாம் என்று விரலை மட்டும் ஆட்டினாள். தாய் என் முதுகுக்குப் பின்னால் நின்று அதையே செய்கிறார் என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டு நிலைமையைச் சொன்னேன். “இப்பவே!” என்று கத்தினார்.

“இன்னும் செத்த நேரம் சிஸ்டர். சம்மந்தி கெளம்பிட்டாங்களாம்” என்கிறார் தாய்.

“அவங்க வந்து கும்புடற வரைக்கும் கண்ணு காத்துக்கினு இருக்குமா? நான் இப்ப இட்டுக்கினு போறேன். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றேன். என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம்.

மாப்பிள்ளையின் தாய், தென்னேரியம்மா வந்துவிட்டார். நல்ல உயரம், அகலக் கரைச் சேலை, முந்தானையை இழுத்து வாயோரம் மூடியிருந்தார். மாலையும் இளநீர்க் குலையும் கொண்டுவந்திருந்தார். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு, கால் கழுவி, வாசலைத் தாண்டி நடு வீட்டுக்கு வந்தார். யாரும் எதுவும் சொல்வதற்குள் தடாலென்று தரையில் விழுந்து புவனாவின் காலைத் தொட்டார்.

“தாயே, எங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இவ மேல வந்துக்கீற. எங்க குடும்பத்த நீதான் பார்த்துக்கணும்.”

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமியாராகப் போகிறவர் காலில் விழுந்து கிடக்கிறார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“எந்திரிங்க அத்த. எந்திரிங்க! எனக்கு அம்மா போடல.”

தென்னேரியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“எனக்கு மூஞ்சியில முடி மொளைக்கும் அத்த. மீச மாதிரி. அந்த முடிய லேசர் வச்சி எடுத்தேன். வெயில்ல போவாதன்னு சொன்னாங்க, போனேன். எரிஞ்சிடுச்சி. அம்மா பேர சொல்லி என்ன கும்புடாதீங்க, தாங்க முடியல.”

“ஜுரத்துல ஒளர்றா அண்ணி...” என்று தாய் ஓடி வந்தார்.

“நீ சும்மா இரு” என்றார் தென்னேரியம்மா. எழுந்து, முட்டி போட்டு, புவனாவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். தாடையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். போச்சு, எல்லாம் போச்சு. இந்தப் பெண்ணின் கல்யாணம் என் கண்ணெதிரே நிற்கப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

“கண்ணு தெரியுதாடி?” என்று கேட்டார்.

“ஒண்ணு தெரியல அத்த.”

அந்தம்மா என் பக்கம் திரும்பிக் கத்தினாரே ஒரு கத்து. “நர்சு தானே நீ? இன்னாத்த பார்த்துக்கினு நிக்கிற? வாசல்ல ஆட்டோ கீது, தூக்கு!”

தூக்கினோம். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். தெருப் பெண்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். “அம்மா எறங்கிட்டா, தண்ணி ஊத்தியாச்சி, ஜுரத்துக்கு ஊசி போட போறோம்” என்று அவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது யார் தெரியுமா? தென்னேரியம்மாதான். நான் அசந்து போய்விட்டேன்.

டாக்டரம்மா தயாராக இருந்தார். காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி மேல் ஊசி போட்டு, கண் தப்பித்தது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். முகத்தில் கறுப்புத் திட்டு ஐப்பசி வரைக்கும் இருந்தது. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள், ஆனால் நடந்தது. எல்லோருக்கும் அம்மா போட்டதாகவே சொல்லிக்கொண்டார்கள். தாயும் மகளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நானும் அழுதேன்.

இனி உங்களுக்கு. நம்மிடம் வருகிறவர்களுக்கு வெயில் ஆகாது என்பது நாம் சொன்னதும் புரிந்துவிடுகிறது. வெயிலில் போக மாட்டேன் என்று வீட்டில் சொல்லத்தான் அவர்களிடம் காரணம் இல்லை. அந்தக் காரணத்தைச் செய்து கொடுப்பதும் உங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நான் யாரையும் 'வெயில்ல போறியா' என்று மட்டும் கேட்டு விட்டதில்லை. ஊரில் திருவிழா எப்போது, வீட்டில் வேண்டுதல் உண்டா, நலங்கு எப்போது, மஞ்சள் நீராட்டுக்குப் போக வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். லேசரை வீட்டில் மறைக்கிறாயா என்றும் கேட்பேன். ஆமாம் என்றால், 'தோலுக்கு டாக்டர் மருந்து குடுத்துக்கீறாங்க, வெயிலும் மஞ்சளும் ஆவாதாம்' என்று சொல் என்பேன். அது பொய்யும் இல்லை, உள்ளதை முழுக்க உடைத்ததும் இல்லை. அப்படியும் தப்ப முடியாத வேண்டுதல் என்றால் மெஷினை மூடிவிடுங்கள். முடி எங்கும் ஓடிவிடாது, வெயில் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம். கல்யாணத் தேதியைக் காட்டிக் கெஞ்சுவார்கள், அழுவார்கள், பக்கத்து ஊர் பார்லருக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுவார்கள். மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. கிளினிக்கில் ஆளே இல்லை. தென்னேரியம்மா வந்தார், அதே மாதிரி முந்தானையை வாயோரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு. கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். முந்தானையை எடுத்தார்.

தாடை முழுக்க மழித்த முடி, சொரசொரவென்று.

“கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சி பிளேடு போடறேன் சிஸ்டர். எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது. அன்னிக்கி அந்தப் பொண்ணு நடுவூட்ல குந்திக்கினு வாய்வுட்டு சொன்னா பாரு, எனக்கு ஈரக்கொல நடுங்கிடுச்சி.” சற்று நிறுத்தினார். “வெயில் பூடுச்சி. திருவிழா ஒண்ணியும் இல்ல. எனக்கும் வச்சி வுடறியா?”

அவரை உட்கார வைத்து விளக்கை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கறுப்பு இல்லை, எல்லாம் நரைத்துவிட்டது. லேசர் கறுப்பைத்தான் பிடிக்கும். எத்தனையோ பேரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன், இவரிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

“அக்கா, நரைச்ச முடிக்கு இது புடிக்காது. கறுப்பா இருந்தப்பவே வந்திருக்கணும்.”

அந்தம்மா தாடையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து முந்தானையை மறுபடி இழுத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே குரல் கொடுத்தார்.

“ஏ புவனா, உள்ள வாடி.”

என்னைப் பார்த்துச் சொன்னார்: “எனக்குத்தான் நேரம் பூடுச்சி. இவளுக்கு மிச்சத்த ஜல்தியா முடிச்சி வுடு சிஸ்டர், வெயில் வர்றதுக்குள்ள.”